திரோய் யுத்தத்தின் காரணமும் களனியின் மூன்று கதைகளும்

ஒரு யுத்தம் எதனால் மூண்டது என்ற கேள்விக்கு மனிதர் சொல்லியிருக்கும் விடைகள் அனைத்தையும் ஓரிடத்தில் திரட்டிப் பார்க்க விரும்புவோர்க்குக் கிரேக்கரின் திரோய் யுத்தக் கதை பெருந்துணை செய்யும். ஏனெனில் பத்து ஆண்டுகள் நீடித்ததாகச் சொல்லப்படும் அந்த யுத்தத்தைப் பாடிய கவிகளும், அதனை அரங்கேற்றிய நாடகாசிரியர்களும், அதனை ஆராய்ந்த சரித்திரகாரரும் தலைமுறை தலைமுறையாக அதன் காரணத்தைப் பற்றித் தமக்குள் வழக்காடியே வந்திருக்கிறார்கள். அந்த வழக்கு நமக்கு அந்நியமானதன்று. கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்டுக் களனி கங்கையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் காணப்படும் களனி ரஜமகா விகாரை, மூன்று புராண யுத்தங்களின் நினைவைத் தன் மதிலுக்குள்ளே வைத்துக் காத்து வருகிறது. நாகதீபத்தில் ஒரு மணியாசனத்துக்காக மாமனும் மருமகனும் மோத முனைந்த யுத்தம் ஒன்று. சீதையின் பொருட்டு நடந்த இராம இராவண யுத்தம் ஒன்று. களனி திஸ்ஸன் என்னும் அரசனின் மாளிகையிலே தரையில் விழுந்த ஓர் ஓலையில் தொடங்கித் துட்டகைமுனு எல்லாளன் யுத்தம் வரை நீளும் கதை மற்றொன்று.

இம்மூன்றையும் திரோய்க் கதைக்குப் பக்கத்தில் வைத்து நெடுநாள் வாசித்ததில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டிருக்கிறது. யுத்தத்தின் முதற்காரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்பவர் எங்கும் நிற்க மாட்டார். ஒரு காரணத்துக்குப் பின்னால் இன்னொரு காரணம் நின்றுகொண்டேயிருக்கும். புராணங்களை இயற்றியவர்கள் இதனை அறிந்திருந்தார்கள். ஆகவேதான், தொடக்கத்தைப் பற்றிப் பலவாறு முரண்பட்டுக் கூறும் அவர்கள், கைக்கொண்ட பொருளைத் திருப்பிக் கொடுத்திருக்கக் கூடிய வேளை எது, கொடுத்துவிடு என்று சொன்னவர் யார், மறுத்தவர் யார் என்பவற்றை மட்டும் ஐயத்துக்கு இடமின்றிக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

திரோய்க் கதையில் எல்லாரும் அறிந்த காரணம் ஓர் ஆப்பிள் கனி. பீலியஸ் என்னும் மானிட அரசனுக்கும் தெட்டிஸ் என்னும் கடல் தேவதைக்கும் நடந்த விவாகத்துக்குத் தன்னை அழைக்காத சினத்தால், கலகத்தின் தெய்வமாகிய ஏரிஸ், பேரழகிக்கு உரியது என்று பொறித்த பொற்கனியொன்றைப் பந்தலுக்குள் எறிந்தாள். ஹீரா, அதீனா, அப்ரோடைட்டி ஆகிய மூவரும் அதற்கு உரிமை கோர, தீர்ப்புக் கூறும் பொறுப்பு ஐடா மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த திரோய் இளவரசன் பாரிஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசாட்சியை ஒருத்தியும் போரில் வெற்றியை ஒருத்தியும் கையூட்டாகக் காட்ட, உலகின் பேரழகியைத் தருவதாக வாக்களித்த அப்ரோடைட்டிக்கே அவன் கனியைக் கொடுத்தான். அந்தப் பேரழகியோ ஸ்பார்ட்டாவின் அரசன் மெனெலாஸின் மனைவி ஹெலன். விருந்தினனாக அவ்வீட்டில் உண்டவன் அவளையும் அரண்மனைச் செல்வத்தையும் கொண்டு கடல் கடந்தான்.

ஆனால் இஃது ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமேயன்றிக் கிரேக்க நாடனைத்தும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்களில் புறப்படுவதற்குப் போதிய காரணமாகாது. அதற்கு வேறொரு கதை வேண்டியிருந்தது. ஹெலனின் தந்தை தின்டாரியஸின் வாயிலில் முன்பொரு காலத்தில் அரசர் பலர் மணம் கேட்டு வந்து நின்றனர். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவர் படையெடுப்பர் என்று அஞ்சிய அவனுக்கு ஒடிசியஸ் ஓர் உபாயம் கூறினான். அவள் யாரை மணந்தாலும் அந்த மணவாளனின் உரிமையைக் காப்பதாக எல்லாரும் முன்கூட்டியே சத்தியம் செய்ய வேண்டும் என்பதே அது. ஸ்பார்ட்டாவின் வாயிலில் மூண்டிருக்கக்கூடிய ஒரு சிறு போரைத் தடுத்த அந்தச் சத்தியம், பின்னர் கிரேக்க அரசர் அனைவரையும் ஒரே கயிற்றில் கட்டித் திரோய்க்கு இழுத்துச் சென்றது.

தின்டாரியஸ் நின்ற நிலை பழந்தமிழர்க்கு மிக நன்றாகத் தெரிந்த நிலை. யுத்தத்தின் காரணங்களைத் திணைகளாகவும் துறைகளாகவும் வகுத்து இலக்கணம் செய்த சமூகம் நம்முடையது: ஆநிரை கவர்தலில் தொடங்கும் வெட்சி, பிறர் மண்ணின் மேல் தீராத ஆசையால் நிகழும் வஞ்சி, வலிமையைக் காட்டுதலே நோக்கமாக நிகழும் தும்பை என்று தொல்காப்பியம் பிரித்தது, மகளைக் கேட்டு வந்த வேந்தனுக்கு முதுகுடித் தந்தை மறுப்பதால் விளையும் பகையை மகட்பாற்காஞ்சி என்று தனித்துறையாகவே காட்டிற்று. புறநானூற்றின் 336 ஆம் பாட்டில் பரணர், பெண் கேட்ட வேந்தன் சினந்திருக்க, தந்தை செய்ய வேண்டியதைச் செய்யாதிருக்க, ஊர் அழிவை எதிர்நோக்கியிருக்கும் நிலையைச் சொல்லி, பழியை யாவர் மேலும் சுமத்தாமல் அப்பெண்ணை வளர்த்த தாயின் மேல் சுமத்துகிறார். அந்தப் பழி நியாயமன்று. எனினும் முற்றுகைக்கு உள்ளாகப் போகும் ஓர் ஊரின் மனம் எங்கெங்கே பழியைத் தேடி அலையும் என்பதை இதைக் காட்டிலும் உண்மையாகச் சொன்னவர் அரியர். திரோயிலும் ஹெக்குபா என்னும் தாய், பாரிஸைக் கருக்கொண்ட காலத்தில் எரியும் தீவட்டியைப் பெற்றதாகக் கனாக் கண்டவள் என்று சொல்லப்படுகிறாள்.

கிரேக்கருள் சிலர் இந்தக் காரணங்களோடு அமைதியடையவில்லை. இன்று சில துண்டுகளாகவும் சுருக்கமாகவும் மட்டும் எஞ்சியிருக்கும் சைப்பிரியா என்னும் பழங்காப்பியம், மனிதக் கூட்டம் பெருகிப் பூமிதேவி பாரம் தாங்காமல் வருந்தியதைக் கண்ட சியூஸ், அப்பாரத்தைக் குறைக்கும் பொருட்டே திரோய் யுத்தத்தை மூட்டினான் என்று கூறுகிறது. மகாபாரதம் படித்த தமிழர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. பூபாரம் தீர்த்தல் என்ற பெயரோடு அது நம் வீட்டுத் திண்ணைகளில் சொல்லப்பட்டே வந்திருக்கிறது. இரண்டு சமூகங்களும் ஒன்றையொன்று பார்த்து இதனைப் பெற்றனவா, தனித்தனியே எய்தினவா என்ற விவாதம் இங்கு வேண்டுவதில்லை. பெரிய அழிவுக்குச் சிறிய காரணம் பொருந்தாது என்று மனம் மறுக்கும்போது தெய்வ சங்கல்பத்தைத் துணைக்கு அழைப்பது மனிதர்க்கு இயல்பு. ஆனால் அந்த விடை பாரிஸையும் துரியோதனனையும் ஒருங்கே விடுதலை செய்துவிடுகிறது என்பதை மறக்கலாகாது.

சரித்திரத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹெரோடோட்டஸ் தம் நூலின் தொடக்கத்திலேயே இவ்வழக்கை எடுத்துக்கொள்கிறார். பாரசீகர் சொல்லும் வரலாறு என்று அவர் எடுத்துக் காட்டுவது ஒரு சங்கிலி: பினீசிய வணிகர் கிரேக்கப் பெண் ஈயோவைக் கவர்ந்தனர், அதற்கு ஈடாகக் கிரேக்கர் ஐரோப்பாவைக் கவர்ந்தனர், பின்னர் மெடியாவைக் கவர்ந்தனர், அதற்கு ஈடாகப் பாரிஸ் ஹெலனைக் கவர்ந்தான். வேறொரு மரபு, ஹெராக்ளீஸ் முன்னமே திரோயைச் சூறையாடியபோது மன்னன் பிரையத்தின் சகோதரி ஹெசியோனியைக் கிரேக்கர் கொண்டு சென்றதாகவும், அவளை மீட்கும் முயற்சிகள் பயனற்றுப்போன பின்னரே பாரிஸ் புறப்பட்டதாகவும் கூறும். ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னே ஒரு கண்ணி இருக்கிறது. ஹெரோடோட்டஸ் அச்சங்கிலியின் உண்மை பொய்மையைத் தீர்ப்பதற்குத் தாம் முற்படாமல், கிரேக்கர்க்குத் தாம் அறிந்தவரையில் முதன்முதல் தீங்கிழைத்தவன் யார் என்பதைச் சொல்லி மேலே செல்கிறார். அந்த நிதானத்தை ஒவ்வொரு சரித்திர மாணவனும் கற்க வேண்டும்.

அவரே தம் நூலின் இரண்டாம் பாகத்தில், ஹெலன் திரோய்க்குப் போகவேயில்லை, எகிப்து மன்னன் புரோட்டியஸிடமே தடுத்து வைக்கப்பட்டிருந்தாள் என்று எகிப்தியப் பூசகர் கூறியதாக எழுதி, அதனைத் தாமும் நம்புவதற்கு ஒரு நியாயம் காட்டுகிறார்: அவள் நகரில் இருந்திருந்தால், பாரிஸ் விரும்பினும் விரும்பாவிடினும் பிரையம் அவளைத் திருப்பிக் கொடுத்திருப்பான், தன் மக்கள் நாள்தோறும் மடிவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண்ணை வைத்திருக்க அவன் அத்தகைய பித்தனல்லன். கவி ஸ்டெசிக்கோரஸும், கி.மு. 412 இல் அரங்கேறிய நாடகத்தில் யூரிப்பிடீஸும், திரோயில் இருந்தது ஹெலனின் மாய உருவம் என்றனர். வால்மீகியிலும் கம்பரிலும் காணாத மாயா சீதையை அத்தியாத்ம ராமாயணம் படைத்ததும் இதே தவிப்பினால்தான். கம்பரோ இராவணன் தீண்டாதபடி பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கச் செய்து அத்தவிப்பை வேறொரு வழியில் தணித்துக்கொண்டார். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி ஆடவர் நடத்திய யுத்தத்தில் அப்பெண் உண்மையிலேயே இருந்தாளா என்று கேட்கும் துணிவு இரு நாட்டுக் கவிகளுக்கும் இருந்தது.

மற்றொரு கிரேக்கச் சரித்திரகாரரான துசிடிடீஸ் இக்கதைகளையெல்லாம் சுருக்கமாக ஒதுக்குகிறார். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானைப் பின்பற்றி அரசர்கள் சென்றது சத்தியத்துக்குக் கட்டுப்பட்டதனால் அன்று, அவனுடைய கடற்படை வலிமைக்கு அஞ்சியதனால்தான் என்பதும், யுத்தம் பத்தாண்டுகள் இழுபட்டதற்குத் திரோயின் வலிமை காரணமன்று, படைக்கு வேண்டிய பொருள் போதாமையே காரணம் என்பதும் அவர் முடிவு. பிற்கால அகழாய்வும் அவர் பக்கமே சாய்ந்தது. 1870 இல் ஹைன்ரிக் ஷ்லீமன் துருக்கியின் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டத் தொடங்கிய பின்னர், ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து அழிந்த பல நகரங்கள் வெளிப்பட்டன. கருங்கடலுக்குச் செல்லும் நீரிணையின் வாயிலில் அந்நகரம் காவலாக நின்ற இருப்பிடமே படையெடுப்புக்குப் போதிய காரணம் எனப் பலர் கருதினர். ஹிட்டைட்டு அரசரின் களிமண் ஏடுகளில், கி.மு. 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லூசா நாட்டு அரசன் அலக்சாண்டு என்பவனோடு செய்த உடன்படிக்கை கிடைத்திருக்கிறது. வில்லூசா என்பது திரோயின் மறுபெயராக ஹோமர் கூறும் இலியோஸ் என்பது அறிஞர் பலரின் முடிவு, பாரிஸுக்கு அலெக்சாண்டர் என்ற மறுபெயர் உண்டென்பது ஹோமரின் வாசகர் அறிந்தது. இவை கதை நிகழ்ந்த உலகை நமக்குக் காட்டுகின்றன. கதையிலே வரும் மனிதர் ஏன் அவ்வாறு நடந்தார்கள் என்பதற்கு விடை காண மறுபடியும் கதையிடமே செல்ல வேண்டும்.

களனியின் மூன்று கதைகளுள் எனக்கு மிகவும் அரியதாகத் தோன்றுவது நாகரின் யுத்தம். புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில், சித்திரை மாதத்துக் கிருஷ்ண பட்ச உபோசத நாளில், நாகதீபத்தின் இரு நாக அரசர்கள் படைகளோடு எதிரெதிரே நிற்பதை அறிந்து அவர் அங்கு எழுந்தருளினார் என்று மகாவம்சத்தின் முதல் அத்தியாயம் கூறுகிறது. மகோதரன், சூளோதரன் என்பன அவர்களின் பெயர்கள். பகைக்கு அந்நூல் கூறும் காரணத்தைக் கவனித்து வாசிக்க வேண்டும். மகோதரனின் தங்கை கண்ணவட்டமான மலையின் நாக அரசனுக்கு வாழ்க்கைப்பட்டவள்; அவள் மகன் சூளோதரன். அவளுடைய தந்தை ஓர் உயர்ந்த மணியாசனத்தை அவளுக்குக் கொடுத்திருந்தார், கொடுத்தவர் காலமானார், அதன் பின்னரே மாமனும் மருமகனும் போருக்கு எழுந்தனர்.

சீதனம் என்று அந்நூல் பெயரிட்டுச் சொல்லவில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்தார் செவியில் அது வேறெவ்வாறும் ஒலிக்காது. தகப்பன் மகளுக்குக் கொடுத்த பொருள், தகப்பனின் மரணத்துக்குப் பின் அவள் பிள்ளைக்கு உரியதா, தமையனுக்கு உரியதா என்ற இவ்வழக்கு, முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பாகுபடுத்தி ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் அமைத்த தேசவழமையின் ஏடுகளில் இடம்பெற்றிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார். வடபகுதிக் குடும்பங்கள் காணி நறுக்கொன்றுக்காக நீதிமன்றப் படிகளில் தலைமுறைகளைக் கழித்திருப்பதை அறிந்தவர்க்கு, வானளாவ எழுந்த நாகப் படைகளின் நடுவே இருந்தது ஓர் ஆசனந்தானா என்ற கேள்வி எழாது. உலகப் பெரும்போர்க் கதைகளுள் யுத்தத்தின் காரணத்தை இவ்வளவு நேராகச் சொத்துவழக்காகவே ஒப்புக்கொள்ளும் கதை வேறு இருப்பதாக நான் அறியேன்.

இங்கேதான் களனி கதைக்குள் வருகிறது. மணியக்கிகன் என்னும் களனி நாக அரசன் மகோதரனின் தாய்மாமன். தன் மருமகனுக்குத் துணையாகப் போர் செய்ய அவன் நாகதீபம் வந்திருந்தான். நம் உறவு முறையில் தாய்மாமனின் இடம் எத்தகையது என்பதை அறிந்தோர் இதன் கொடுமையை உணர்வர். சீர் செய்து தூக்கி வளர்க்க வேண்டிய மாமன் ஒருவன் மருமகன்மேல் படையெடுக்கிறான். அந்த மாமனுக்குத் தாய்மாமனான மற்றொருவன், முறைப்படி தனக்குரிய கடமையைச் செய்வதாக எண்ணி, களனியிலிருந்து அத்தனை தூரம் வந்து அந்தக் கொடுமைக்குத் துணை நிற்கிறான். உறவின் கடமையே யுத்தத்தைப் பெருக்குகிறது. தின்டாரியஸ் வாங்கிய சத்தியம் செய்ததும் இதுவே. ஓர் உறவுக்குக் கட்டுப்பட்டவர் இன்னோர் உறவை அழிக்கப் புறப்படுகிறார். அழைக்கப்பட்டவருள் எவருக்கும் அந்தப் பொருளின் மேல் ஆசையில்லை.

சமித்திசுமனன் என்னும் தேவன் இராஜாயதன மரமொன்றைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பின்வர, புத்தர் போர்க்களத்துக்கு மேலே வானில் நின்று முதலில் இருளைப் பரப்பி நாகரை நடுங்கச் செய்து, பின் ஒளியைக் காட்டித் தேற்றி, சமாதானத்தை உபதேசித்தார் என்று மகாவம்சம் விவரிக்கிறது. மகிழ்ந்த இருவரும் அந்த ஆசனத்தை அவருக்கே அளித்தனர். அவரோ அதனையும் மரத்தையும் அவர்கள் வழிபடுவதற்காக அங்கேயே விட்டுச் சென்றார். ஒரு தரப்புக்கும் தீர்ப்பளிக்கப்படவில்லை. யாருக்குச் சட்டப்படி உரியது என்ற கேள்விக்கு விடை சொல்லப்படவேயில்லை. பொருள் எவருடையதும் ஆகாமல் எல்லாரும் வணங்கக்கூடியதாக மாறியது. மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனாரும் இதே நிகழ்ச்சியை மணிபல்லவத்துப் பீடிகையின் வரலாறாகப் பாடுகிறார். எடுக்கவும் முடியாமல் ஆசையை விடவும் முடியாமல் இரு நாகநாட்டு மன்னர் கண் சிவந்து பொருததையும், புத்தர் தோன்றி இது எனதென்று கூறி அமர்ந்து அறம் உரைத்ததையும் அவர் சொல்கிறார். பாலியில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரு மரபுகள் ஒரே கதையைப் பேணியிருப்பது இந்தத் தீவின் சரித்திரத்தில் அரிய செல்வம். நாகதீபம் என்பது வெறுங்கற்பனையன்று என்பதற்கு 1936 இல் கண்டெடுக்கப்பட்ட வல்லிபுரப் பொன்னேடு சான்று பகர்கிறது. நயினாதீவு இன்றும் அக்கதையின் இடமாக வணங்கப்படுகிறது.

போருக்கு வந்த மணியக்கிகன் புத்தரைத் தன் நாட்டுக்கு எழுந்தருளுமாறு வேண்ட, எட்டாம் ஆண்டு வைகாசியில் அவர் 500 பிக்குகளோடு களனிக்கு வந்தார் என்பது மகாவம்சம். பெருமான் அமர்ந்த மணியாசனம் ஒன்று நெற்குவியல் வடிவான களனித் தாதுகோபத்தின் உள்ளே இருப்பதாக வழிபடுவோர் நம்புகின்றனர். ஹெலேனா விஜேவர்தன அம்மையாரின் கொடையால் விகாரை புதுப்பிக்கப்பட்ட காலத்தில் சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவரோவியங்களிலும் இக்கதை இடம்பெற்றிருக்கிறது.

களனி திஸ்ஸனின் கதையிலே பொருள் வேறு. அரசியோடு தகாத உறவு கொண்ட அரசனின் தம்பி உத்திகன், அச்சத்தால் நாட்டைவிட்டு ஓடி, துறவி வேடம் தரித்த ஒருவனிடம் இரகசிய ஓலை கொடுத்து அனுப்பினான். அரண்மனையில் நாள்தோறும் அன்னம் ஏற்கும் அருகத நிலையெய்திய தேரரோடு அவன் உள்ளே நுழைந்தான். உண்ட பின் அனைவரும் வெளியேறுகையில், அரசி காணும்படி அந்த ஓலையைத் தரையில் நழுவவிட்டான். அது விழுந்த ஓசை கேட்டு அரசன் திரும்பினான். எழுத்தைக் கண்டதும் தேரரே குற்றவாளி என்று துணிந்து, விசாரணை ஏதுமின்றி இருவரையும் கொன்று கடலில் எறிவித்தான். கடற்றெய்வங்கள் சினந்து நாட்டின்மேல் கடலை எழுப்பின. அதைத் தணிக்க அரசன் தன் மகள் தேவியை, அரசகுமாரி என்று எழுதிய பொற்கலமொன்றில் ஏற்றி அலைமேல் விட்டான்.

திரோய்க் கதைத் தொகுதியில் இதற்கு மிக அணுக்கமான இரு நிகழ்ச்சிகள் உண்டு. ஒடிசியஸ், தான் பகைத்த பாலமீடிஸ் என்னும் அறிவாளியை ஒழிப்பதற்காக, பிரையம் எழுதியதுபோன்ற பொய் ஓலையொன்றைப் புனைந்து, அவன் கூடாரத்தில் பொன்னையும் புதைத்துவைத்தான். கிரேக்கப் படை அந்த நிரபராதியைக் கல்லெறிந்து கொன்றது. அவன் தந்தை நாப்லியஸ், வெற்றியோடு திரும்பிய கிரேக்கக் கப்பல்களுக்குப் பாறைக்கரையில் பொய்யாகத் தீ மூட்டிக் காட்டி அவற்றைக் கடலில் நொறுங்கச் செய்தான். ஓலையைப் பார்த்துத் தீர விசாரியாமல் கொன்ற பாவத்துக்குக் கடல் கணக்குத் தீர்க்கும் என்ற எண்ணம் இரண்டிடத்தும் ஒன்றே. மற்றது அகமெம்னானின் மகள் இபிஜீனியா. கப்பல்களுக்குக் காற்று வேண்டி, ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் சினத்தைத் தணிக்க, விவாகம் என்று பொய் சொல்லி அழைத்த மகளை ஆவுலிஸ் கரையில் தந்தை பலியிடத் துணிந்தான். தெய்வம் அவளை மீட்டுத் தொலைநாட்டில் சேர்த்ததாகவும் ஒரு மரபு உண்டு. அரசர் செய்த பிழைக்கு அரசரின் மகள் கடலுக்கும் காற்றுக்கும் கொடுக்கப்படுகிறாள். இந்த அநீதியைக் கிரேக்க நாடகாசிரியர் உரத்த குரலில் எதிர்த்தனர். நம் நூல்கள் தேவியின் உள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கடந்து செல்கின்றன. அது ஒரு குறை என்றே கருதுகிறேன்.

கரையொதுங்கிய தேவி மாகமத்து அரசன் காவந்திஸ்ஸனுக்கு மனைவியாகி, விகாரமகாதேவி என்று பெயர் பெற்று, துட்டகைமுனுவுக்குத் தாயானாள். அவன் எல்லாளனோடு செய்த யுத்தம் அரசபோகத்துக்காக அன்று, சாசனத்தை நிலைநாட்டுவதற்காகவே என்று மகாவம்சம் அவன் வாயாலேயே கூறுவிக்கிறது. அதே நூல், 44 ஆண்டுகள் நீதி தவறாது ஆண்டவன் எல்லாளன் என்று மனமாரச் சொல்லியும், இறந்தவனுக்கு மரியாதை செய்யுமாறு வென்றவன் கட்டளையிட்டதைப் பதிந்தும் இருக்கிறது. திருப்பிக் கேட்க ஒரு பெண்ணோ ஆசனமோ இல்லாத யுத்தம் இது. கேட்டது நாடு, அதற்குக் காட்டிய நியாயம் தர்மம். அத்தகைய யுத்தத்தில் கொடுத்துவிடு என்று சொல்ல எவருக்கும் இடமில்லாமற் போகிறது. நம் காலத்தில் இவ்விரு அரசரின் பெயர்களும் இரு மக்களினத்தின் கொடிகளாகத் தூக்கப்பட்டபோது, எல்லாளனைப் புகழ்ந்த ஏட்டை இருதரப்பாரும் புரட்ட மறந்தது எனக்கு ஆறாத வருத்தம்.

இனி இராமாயணம். அதன் காரணங்களை விரித்தல் வேண்டா: கைகேயியின் வரம், சூர்ப்பணகையின் அவமானம், வேதவதியின் சாபம், ஜயவிஜயரின் பிறவி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிச் செல்வதைத் தமிழர் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருப்பர். சூர்ப்பணகை இருக்கும் இடம் திரோய்க் கதையில் ஹெசியோனிக்கு உரியது என்பதை மட்டும் சொல்லிவைக்கலாம். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு என்று கதை ஒப்புக்கொள்ளும் இடம் அது. களனிக்கு உரியவன் விபீஷணன். விகாரைக்குள் அவனுக்குத் தேவாலயம் உண்டு. இலக்குவன் அவனுக்கு முடிசூட்டியது இத்தலத்திலேயே என்பது உள்ளூர் நம்பிக்கை.

திரோயின் விபீஷணன் ஆண்டெனோர். கிரேக்கர் முதலில் தூதாக அனுப்பிய மெனெலாஸையும் ஒடிசியஸையும் தன் வீட்டில் ஏற்று உபசரித்தவன் அவன். பாரிஸிடம் பொன் பெற்ற அந்திமாக்கஸ் என்பவன், தூதராக வந்த மெனெலாஸை அங்கேயே கொன்றுவிட வேண்டும் என்று சபையில் வாதாடினான் என்று ஹோமர் பாடிய இலியத்தின் 11 ஆம் காண்டம் சொல்கிறது. அனுமனைக் கொல்லுமாறு இராவணன் ஆணையிட்டபோது தூதரைக் கொல்லுதல் தகாது என்று எழுந்து நின்ற விபீஷணனை இங்கே நினையாதிருத்தல் இயலாது. இலியத்தின் 7 ஆம் காண்டத்தில் ஆண்டெனோர், ஹெலனையும் அவளோடு வந்த செல்வத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று திரோய்ச் சபையிலே வெளிப்படையாகக் கூறுகிறான். பாரிஸ் எழுந்து, செல்வத்தைத் தருகிறேன், என் வீட்டிலிருந்து மேலும் சேர்த்துத் தருகிறேன், பெண்ணைத் தரேன் என்கிறான். பிரையம் ஒன்றும் மறுக்கவில்லை. ஹெரோடோட்டஸ் நம்ப மறுத்த நிகழ்ச்சி இதுவே. அவர் காட்டிய நியாயம் அறிவுக்குப் பொருந்துகிறது. ஹோமரோ, அறிவுடைய முதியவன் ஒருவன் மகன்மேல் கொண்ட கண்ணோட்டத்தால் வாய் மூடியிருந்தே நகரத்தை அழிய விட்டான் என்கிறார். ஹோமர் சொல்வதே நாம் கண்ட உலகத்தோடு ஒத்திருக்கிறது.

பாரிஸின் அண்ணன் ஹெக்டர் தன் தம்பியின் செயலை வெறுத்தும் போரிட்டு மடிந்தான். கும்பகர்ணனும் அவ்வாறே அண்ணனை இடித்துரைத்து, உண்ட சோற்றுக்கு நன்றியாகப் போர்முனையில் உயிர் நீத்தான். தமிழ் மனம் கும்பகர்ணன் பக்கமே சாய்கிறது. கம்பர் அவனையும் விபீஷணனையும் போர்க்களத்தில் சந்திக்க வைத்துப் பாடிய இடத்தில் கண்ணீர் விடாதவர் இல்லை. விபீஷணன்மேல் உள்ள குறையோ அழுத்தமானது. அவன் ஆலோசனை கூறியதோடு நிற்கவில்லை. பகைவனோடு சேர்ந்து இலங்கையின் மர்மங்களை வெளியிட்டான். புலவர் குழந்தை 1946 இல் வெளியிட்ட இராவண காவியம் முதலாகத் தமிழ் நாட்டில் எழுந்த மறுவாசிப்புகள் அவனைக் காட்டிக்கொடுத்தவனாகவே நிறுத்தின. இக்குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவன் சபையில் பேசிய நாளிலும், மீண்டும் மீண்டும் வேண்டிய நாளிலும், சீதையைத் திருப்பிக் கொடுத்திருந்தால் காட்டிக்கொடுக்க ஒரு பகைவனே இருந்திருக்க மாட்டான். அந்தப் பகுதியை வாசிக்காமல் பிற்பகுதியை மட்டும் வாசிப்பது நியாயமன்று.

ஆண்டெனோருக்கு நேர்ந்தது கசப்பானது. திரோய் எரிந்த இரவில் அவன் வீட்டு வாயிலில் கிரேக்கர் சிறுத்தைத் தோலொன்றைத் தொங்கவிட்டு அடையாளமிட்டதால் அவ்வீடு மட்டும் தப்பியது. ஆலோசனை கூறியவனைப் பகைவர் மதித்ததன் அடையாளமாக முதலில் சொல்லப்பட்ட அச்செய்தியே, பிற்காலத்தார் கையில் அவன் நகரத்தை விற்றதற்குச் சான்றாக மாறியது. அழிந்த நகரத்தைவிட்டு நீங்கிய அவன் இத்தாலியில் பதுவா நகரை நிறுவினான் என்ற மரபும் உண்டு. அதே இத்தாலியின் மகாகவி தாந்தே, தாய்நாட்டுக்குத் துரோகம் செய்தோர் உறைபனியில் புதைந்து கிடக்கும் நரகப் பகுதிக்கு ஆண்டெனோரின் பெயரையே சூட்டினார். திரோய் சாம்பலாயிற்று, அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் பிழைத்திருக்கும் மக்கள் அவனுக்குச் சாட்சி சொல்ல எஞ்சவில்லை.

இலங்கையோ அழியவில்லை. வென்ற இராமன் நாட்டைத் தனதாக்கிக் கொள்ளாமல் சென்றான். அயோத்தியின் ஆட்சிக்கு உட்படாமல் இலங்கை இலங்கையாகவே நின்றதற்கு விபீஷணனே காரணம் என்று இத்தீவு மக்கள் கருதியதனாலேயே, மேற்குக் கரையின் காவல் தெய்வமாக அவன் களனியில் வைத்துப் பூசிக்கப்பட்டான் என்பது என் கருத்து. 15 ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் இயற்றிய சலலிஹினி சந்தேசய என்னும் சிங்களத் தூதுக் காவியத்தில், கோட்டை இராசதானியிலிருந்து புறப்படும் பூவைப் பறவை நேரே களனிக்குப் பறந்து வந்து, உலகுடைய தேவி என்னும் அரசகுமாரிக்கு ஓர் ஆண்மகவை அருளுமாறு அவனிடமே விண்ணப்பம் செய்கிறது.